தோண்டிய இடம் திரும்பக் கிடைக்காது... அறிக்கையாவது மிஞ்சுமா?

அகழாய்வில் ஒரு சிக்கல் உண்டு. ஒருமுறை தோண்டிய மண்ணடுக்கை மறுபடி தோண்டவே முடியாது. எந்தப் பானை எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதற்கு மிஞ்சும் சாட்சி, அன்று எழுதிய குறிப்பும் வரைபடமும் போட்டோவும்தான்.

இங்கிலாந்தில் இந்தச் சிக்கல் பெரிதாகவே வெடித்தது. 1990-ல் வந்த அரசு வழிகாட்டுதலுக்குப் பிறகு, பழைமையான இடத்தில் கட்டடம் எழுப்புபவரே அகழாய்வுச் செலவை ஏற்கும் வழக்கம் பரவியது. அகழாய்வுகள் பெருகின, அறிக்கைகளும் குவிந்தன. ஆனால், பெரும்பாலானவை புத்தகமாக வரவில்லை. சில பிரதிகள் மட்டும் எடுத்து, அலுவலக அலமாரியில் வைத்துவிட்டார்கள். தோண்டிய இடத்திலோ கட்டடம் வந்துவிட்டது!

`கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் பத்திரம்தானே?' என்று தோன்றலாம். லண்டனில் நடந்ததைக் கேளுங்கள். 1990-களின் இறுதியில் நியூஹாம் மியூசியத்தின் தொல்லியல் பிரிவு மூடப்பட்டது. அங்கிருந்த 200-க்கும் மேற்பட்ட ஃபிளாப்பி டிஸ்க்குகள், யார்க் பல்கலைக்கழகத்தில் இயங்கும் `ஆர்க்கியாலஜி டேட்டா சர்வீஸ்' காப்பகத்துக்கு வந்தன. பல ஃபைல்களில் என்ன இருக்கிறது என்பதற்குக் குறிப்பே இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அந்தப் பிரிவும் இல்லை. பெரும்பகுதியை மீட்டார்கள். ஆனாலும், ஒரு பகுதி போனது போனதுதான்.

1996-ல் தொடங்கிய இந்தக் காப்பகம், ஃபைல்களை வாங்கி அடுக்கிவைப்பதோடு நிற்பதில்லை. பழைய ஃபைல்களைப் புதிய மென்பொருளில் திறக்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது. எங்கே, எப்போது, யார் தோண்டியது என்ற விவரத்தையும் சேர்க்கிறது. அச்சேறாத அகழாய்வு அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம்.

இந்த அறிக்கைகளுக்கு `டி.ஓ.ஐ' என்ற நிரந்தர எண்ணும் தருகிறார்கள். வீடு மாறினாலும் ஆதார் எண் மாறாது அல்லவா, அதுபோலத்தான். இணையதளத்தின் முகவரி மாறினாலும், புதிய முகவரியைக் காப்பகம் பதிவு செய்துவிட்டால் போதும். பழைய எண்ணே அறிக்கையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

எனவே, கட்டுரையோ கல்லூரி புராஜெக்ட்டோ எழுதுபவர்கள் பிரவுசரில் தெரியும் லிங்க்கை மட்டும் காப்பி செய்ய வேண்டாம். எழுதியவர் பெயர், ஆண்டு, தலைப்பு, தோண்டிய நிறுவனம், காப்பகத்தின் பெயர், டி.ஓ.ஐ எண் ஆகிய ஆறையும் குறிப்பிடுங்கள். பத்து வருடம் கழித்துப் படிப்பவரும் மூல அறிக்கையைத் தேடிப் பிடிக்கலாம். வெயிலிலும் மழையிலும் மண்ணைக் கிளறியவர்களின் பெயரும் மறையாது.