ஆக்சிஜன் மெஷினை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டாதீங்க!

1/ கரண்ட் பில்லைக் குறைக்க ஸ்மார்ட் பிளக் வாங்குறீங்களா? தாராளமா வாங்குங்க. ஆனா வீட்டில் நோயாளிக்கு ஓடுற ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை அதில் மாட்டி, டைமர் வச்சு ஆஃப் பண்றதுக்குப் பேர் சிக்கனமா? மருந்தை நிறுத்துறதுன்னு பேர்.

2/ ஏன் பண்றாங்கன்னு புரியுது. எனர்ஜி மானிட்டர் ஆப்பைத் திறந்தா பட்டியலில் முதலில் நிக்கிறது அப்பாவோட மெஷின். 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட். தினம் 15 மணி நேரம்னா 5.25 யூனிட், இரண்டு மாசத்துக்கு 315 யூனிட். தமிழ்நாட்டில் இருமாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினா கட்டண அடுக்கே மாறும். வயிறு எரியத்தான் செய்யும்.

3/ ஆனா அந்த 15 மணி நேரம் நாங்க வாய்க்கு வந்தபடி எழுதுறது இல்லை. சிஓபிடி முற்றி, ரத்தத்தில் ஆக்சிஜன் ரொம்பக் குறைந்தவர்களை வைத்து இரண்டு ஆய்வுகள் வந்தன. 1980-ல் வட அமெரிக்காவில்: இரவில் மட்டும் எடுத்தவர்களிடம் இறப்பு, நாள் முழுக்க எடுத்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1981-ல் பிரிட்டனில்: தினம் 15 மணி நேரம் எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள்.

4/ "அப்பாவுக்கு இப்ப மூச்சு வாங்கலையே டாக்டர், ஆஃப் பண்ணா என்ன?" ஆக்சிஜன் குறைந்தாலும் சிலருக்கு மூச்சு வாங்காது. ஆனா நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கி, இதயத்தின் வலது பக்கம் அழுத்தத்தோடு மல்லுக்கட்டும். அது உங்க ஆப்பில் தெரியாது.

5/ "நான் டைமரே வைக்கல, அளக்க மட்டும்தான்." சரி, கரண்ட் போய் வந்தா உங்க பிளக் ஆன் ஆகுமா, ஆஃப்லயே நிக்குமா? அது செட்டிங்கைப் பொறுத்தது. ராத்திரி 2 மணிக்கு அதைச் சோதிக்காதீங்க. உயிர் காக்கும் மெஷின் நேரா சுவர் சாக்கெட்டில் இருக்கணும்.

6/ இன்சுலின் இருக்கும் ஃபிரிட்ஜும் அப்படித்தான். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேணும். குளிர்ந்ததும் கம்ப்ரசர் தானே நிக்கும். நீங்க ராத்திரி நிறுத்தினா, காலையில் அது கூடுதலா ஓடி ஈடுகட்டும். மிச்சம் பெருசா ஒண்ணும் இருக்காது.

7/ அப்போ எதை அளக்கலாம்? 2000 வாட் கீசரை தினம் ஒரு மணி நேரம் ஓடவிட்டா, இரண்டு மாசத்துக்கு 120 யூனிட். 10 வாட் செட்டாப் பாக்ஸ் 24 மணி நேரமும் ஆன்ல இருந்தா 14 யூனிட். கை வைக்க வேண்டிய இடம் இதுதான். கீசர், ஏசிக்கு 10 ஆம்பியர் பிளக் போடாதீங்க, உருகும். எலக்ட்ரீஷியனை வச்சு மெயின் போர்டில் கிளாம்ப் மானிட்டர் போட்டா, எதையும் துண்டிக்காமலே மொத்தக் கணக்கும் தெரியும்.

8/ இங்கிலாந்தில் வீட்டு ஆக்சிஜன் மெஷினுக்கு ஆகுற கரண்ட் செலவை நோயாளிக்குத் திருப்பித் தர்றாங்க. இங்கேயும் அதைக் கேட்போம். நம்ம எம்எல்ஏகிட்ட கேட்போம், மின்வாரியத்துகிட்ட கேட்போம். அந்தக் கோபத்தைக் கட்டிலில் படுத்திருக்கிறவர் மேல காட்டாதீங்க.

9/ "எனக்காக ஏன்டா இவ்ளோ பில்லு"ன்னு அவங்களே மெஷினை அணைச்சிடுவாங்க. அதனால பில் தொகையை அவங்க காதுபட பேசாதீங்க. எத்தனை மணி நேரம் ஓடணும்கிறதை உங்க டாக்டர்கிட்ட மட்டும் கேளுங்க.

வீட்டில் ஆக்சிஜன் வச்சிருக்கிறவங்களுக்கு இதைப் பகிருங்க.