கூன் ஓர் உருவகம் அன்று

தமிழ் இலக்கியத்தில் வளைந்த முதுகுக்கு நல்ல பெயர் வாய்த்ததில்லை. கம்பனின் மந்தரைக்குக் கூனே அடையாளம். சிறுவன் இராமன் வில்லில் வைத்து அடித்த மண்ணுருண்டை பட்டதும் அந்த முதுகில்தான். இன்றைய சிற்றிதழ்ச் சண்டைகளிலும் எதிராளியை வீழ்த்த நாம் முதலில் எடுக்கும் சொல் 'முதுகெலும்பற்றவன்' என்பதே. குனிந்தவன் அடிமை, நிமிர்ந்தவன் மானமுள்ளவன் என்ற இந்தச் சமன்பாட்டைக் கிருஷ்ணகிரியை முன்வைத்து நாம் மறுத்தாக வேண்டும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் சிற்றூர்கள் பலவற்றில் முதுகு வளைவதற்குக் காரணம் குடிநீர். ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற கருங்கல்லின் நிலம் இது. அப்பாறையின் தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. மழை பொய்க்கப் பொய்க்க ஆழ்துளைக் கிணறு கீழே இறங்குகிறது. பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீர் மேலே வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை. அதைத் தாண்டிய நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களில் முதலில் பழுப்புக் கறை படிகிறது. அளவு இன்னும் மிகுந்து ஆண்டுகளும் கடந்தால் எலும்பு தடிக்கிறது. எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் சுண்ணாம்பேறி இறுகுகின்றன. கழுத்தைத் திருப்ப இயலாமல் உடலையே திருப்பிப் பார்க்கும் நிலை வருகிறது. முதுகு வளைந்தபடியே கெட்டிப்படுகிறது. முற்றிய நிலையில் தண்டுவடம் நெருக்குண்டு கால்கள் செயலிழக்கின்றன.

இது நேற்றுக் கண்டறியப்பட்ட செய்தியும் அன்று. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் பரவியிருந்ததை ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் 1937இலேயே மருத்துவ இதழில் பதிவு செய்துவிட்டார்கள். அதன் பின்னும், நம் கதைகளில் கூன் விழுந்த கிழவி விதியின் சின்னமாகவே நடமாடினாள். அவள் எந்தக் கிணற்று நீரைக் குடித்தாள் என்று எந்தக் கதாசிரியரும் கேட்டதாக நமக்கு நினைவில்லை.

2008ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் ஒகேனக்கல் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கர்நாடகத்தில் எதிர்ப்பு மூண்டது. ஏப்ரலில் சென்னையில் திரையுலகினர் உண்ணாவிரதம் இருந்தார்கள். எல்லை, மொழி, இனம், மானம் என்று எல்லாம் பேசப்பட்டன. அத்திட்டத்தின் ஆங்கிலப் பெயரில் ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பதும் சேர்ந்தே இருக்கிறது. நம் நாவிலோ அது வெறும் 'கூட்டுக் குடிநீர்த் திட்டம்' ஆகிவிட்டது. பெயரிலிருந்து நோய் உதிர்ந்தபோது நோயாளியும் உதிர்ந்துபோனார். ஓசூருக்கு அப்பால் கோலாரிலும் பாவகடையிலும் இதே நீரைக் குடித்து இதே முதுகுகள் வளைகின்றன என்பதை இரு தரப்பிலும் உரக்கச் சொன்னவர்கள் மிகச் சிலரே. பாறைக்கு மாநில எல்லை தெரியாது.

2013இல் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அது பெரும் பேறு. அதைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் இறுகிய முதுகை நிமிர்த்தும் மருந்து இல்லை. நெருக்குண்ட தண்டுவடத்துக்கு அறுவை சிகிச்சை ஓரளவு விடுதலை தரலாம், அவ்வளவே. நீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுத் தெளிய வைக்கும் 'நல்கொண்டா முறை' நாகபுரி ஆய்வு நிறுவனத்தின் கொடை. அதற்கும் அன்றாடக் கவனம் தேவை. ஆக, நோய் வருமுன் நல்ல நீரைத் தருவதொன்றே வைத்தியம். காவிரி நீர் வராத நாளில் பழைய ஆழ்துளைக் குழாயையே மக்கள் நாட நேர்ந்தால் அந்த வைத்தியம் பாதியில் நின்றுவிட்டது என்றே பொருள்.

குடிநீர் வாரியத்தின் வேலையை இலக்கியம் ஏன் சுமக்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சுமக்க வேண்டாம். ஓர் உடலைக் குறியீடாக்கும் முன் அதை உடலாகப் பார்த்தால் போதும். எவருக்கும் தலைவணங்காமல் மானத்தோடு வாழ்ந்த ஒருவர் தம் குடிநீராலேயே குனிந்துபோகக்கூடிய மண் இது. அவர் முன் 'முதுகெலும்பு' என்ற சொல்லை வசையாக வீசும் உரிமை நம்மில் யாருக்கு உண்டு?