தீராத கழிச்சல்: மாட்டோடு முடிகிற நோயா?

தீனி நன்றாகத் தின்கிறது. காய்ச்சல் இல்லை. ஆனாலும் தண்ணீர் போலக் கழிகிறது; உடம்பு வற்றிக்கொண்டே போகிறது. குடற்புழு மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. பால் குறைந்து, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்குகிறது. இப்படி ஒரு மாடு உங்கள் கொட்டகையில் இருந்தால், அது ஜோனிஸ் நோயாக இருக்கலாம். பலரும் அடுத்துச் செய்வது, அதைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போவதுதான். நோய் ஊர்விட்டு ஊர் போவதும் அந்த வழியில்தான்.

1895இல் ஜெர்மனியில் அடையாளம் காணப்பட்ட இந்த நோய்க்குக் காரணம், காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று. பாராடியூபர்குலோசிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். சாணம் ஒட்டிய மடியில் பால் குடிக்கும்போதும், நோயுற்ற தாயின் சீம்பால் வழியாகவும் பிறந்த சில மாதங்களுக்குள் கன்றுக்குத் தொற்றுகிறது. கழிச்சல் தெரிவதற்கு 2 முதல் 5 ஆண்டுகள் ஆகலாம். அதற்கு முன்பே, பார்வைக்கு நன்றாக இருக்கும் மாடு சாணத்தில் கிருமியை விடத் தொடங்கிவிடும். ஆடுகளில் பல நேரம் கழிச்சலே இருக்காது. மெலிவு மட்டும்தான் தெரியும். குணப்படுத்தும் மருந்து கிடையாது.

மனிதருக்கு வருமா?

மனிதரின் குடலைப் புண்ணாக்கும் குரோன் நோயோடு இதை ஒப்பிடுவது புதிதல்ல. மாட்டின் ஜோனிஸ் நோயையும் தம் நோயாளிகளின் குடலையும் ஒப்பிட்டு ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் டால்சியல் 1913இலேயே எழுதினார். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 28 குரோன் நோயாளிகளில் 14 பேரின் ரத்தத்திலிருந்து இக்கிருமி வளர்த்தெடுக்கப்பட்டது. குடல்நோய் இல்லாத 15 பேரில் ஒருவரிடமும் இல்லை. ஆனால், கிருமியே காரணம் என்றால் கிருமிக்கொல்லி மருந்தில் நோய் தீர வேண்டுமல்லவா? ஆஸ்திரேலியாவில் 213 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், மூன்று மருந்துகளை இரண்டாண்டு கொடுத்துப் பார்த்தார்கள். முதல் 16 வாரங்களில் பலன் தெரிந்தது. அது நீடிக்கவில்லை என்று 2007இல் முடிவு வெளியானது. எனவே இன்றைய நிலை இதுதான்: தொடர்பு தெரிகிறது, காரணம் நிரூபணமாகவில்லை.

பயந்து பாலை நிறுத்த வேண்டியதில்லை. 1999-2000இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், ஆலையில் பதப்படுத்திய பால் மாதிரிகளிலும் 1.8 சதவீதத்தில் இக்கிருமி உயிரோடு இருந்தது. நாமோ பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிப்பவர்கள். கொதிக்கும் சூட்டில் இக்கிருமி நிற்காது. பச்சைப் பாலை, குறிப்பாக ஆட்டுப்பாலை, கறந்த சூட்டோடு குடிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

சாணமும் கிடையும்

உழவியல் படித்தவன் என்ற முறையில் என் கவலை பாலைவிடச் சாணத்தில்தான். காய்ந்த, முழு நிழலான மண்ணில் இக்கிருமி 55 வாரங்கள் வரை பிழைத்ததை ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நிழல் குறைந்த இடத்தில் விரைவாக அழிந்தது. குட்டை நீரிலும் சேற்றிலும் 48 வாரங்கள் வரை தாங்கியது.

இதை நம் டெல்டாவோடு பொருத்திப் பாருங்கள். சம்பா, தாளடி அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டி வருகிறார்கள். மேட்டூர் திறக்கும் வரை வயலுக்கு வயல் கிடை மாறுகிறது. மண்ணுக்கு இதைவிட நல்ல உரம் இல்லை. கிடையை நிறுத்தச் சொல்லவில்லை. திறந்த வயலில் வெயிலும் கோடை உழவும் நமக்குத் துணை. ஆபத்து இருப்பது மரநிழலில் குவியும் எருவிலும், எல்லா மந்தையும் இறங்கும் குளக்கரையிலும்தான்.

செய்ய வேண்டியவை எளியவை. பச்சைச் சாணத்தை அப்படியே தீவனப்புல்லுக்கு விடாதீர்கள். எருக்குழியில் கிளறி மக்க வையுங்கள். குவியலின் சூடு 55 டிகிரியை எட்டி மூன்று நாள் நின்றால் கிருமி பிழைப்பது அரிது. கன்றைச் சுத்தமான இடத்தில் ஈனச் செய்து, மடியைக் கழுவிய பிறகே சீம்பால் ஊட்டுங்கள். கழியும் மாட்டைத் தனியே கட்டி, சாணத்தையும் ரத்தத்தையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஆரம்பத் தொற்று ஒரு பரிசோதனையில் சிக்காமல் போகலாம். மறுபடியும் பார்க்க வேண்டும். நோய் உறுதியானால் அந்த மாட்டை இன்னொருவர் கொட்டகைக்கு விற்காதீர்கள்.

அரசின் பங்கு

2019இல் தொடங்கிய தேசியத் திட்டம் கோமாரிக்கும் கன்றுவீச்சு நோய்க்கும் தடுப்பூசி போடுகிறது. ஜோனிஸ் அதில் இல்லை. மதுரா அருகே மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனம், ஜமுனாபாரி ஆட்டிலிருந்து பிரித்த உள்நாட்டுக் கிருமியைக் கொண்டே தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது. அது தொற்றை முழுதாகத் தடுக்காது. நோயையும் கிருமி வெளியேறுவதையும் குறைக்கும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டெல்டாவுக்குள் வரும் கிடை மந்தைகளிலும் சந்தைக்கு வரும் மாடுகளிலும் சாண மாதிரி எடுத்துப் பார்க்கும் பணியை அங்கிருந்தே தொடங்கலாம்.

குரோன் நோய்க்கான விடை வர இன்னும் காலம் ஆகலாம். ஆனால், மெலிந்த மாட்டை அரைவிலைக்கு விற்கும் நஷ்டம் இன்றே நடக்கிறது. அதைத் தடுக்கும் அதே வேலைதான், நாளை மனிதருக்கும் பாதுகாப்பாக அமையும்.