வெள்ளைப் புகையும் 38,000 ரூபாயும்

பி.காம் படிக்கிற பய லாரிப் புகையைப் பத்தி எதுக்குடா எழுதறான்னு கிளாஸ் மக்கள் சிரிப்பீங்க. சிரிங்க. போன ஜனவரியில எங்கம்மா கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனதே அந்தப் புகையாலதான். அதனால எனக்குப் பேச உரிமை இருக்கு :-)

எங்கப்பா கேத்தி பக்கத்துல இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடு அடிக்கிறவர். சொந்த வண்டி. பழைய நாலு சிலிண்டர் டீசல் மினி லாரி. ராத்திரி கேரட்டைக் கழுவி, மூட்டை கட்டி, விடியறதுக்கு முன்னாடி ஏத்தி இறங்கிடணும். ஏலத்துக்கு லேட்டானா அன்னைக்குக் கிடைக்கிற விலையே வேற.

ஜனவரியில எங்க ஊர்ப் புல்லு மேல உப்புக் கொட்டி வெச்ச மாதிரி உறைபனி விழுந்து கிடக்கும். அந்தக் குளிர்ல சாவியைத் திருப்பினா வண்டி இழு இழுன்னு இழுத்து, கடைசியில ஸ்டார்ட் ஆகும்போது பின்னாடி நிக்கிற ஆளே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. கண்ணு எரியும். எஞ்சின் நொண்டி நொண்டி ஓடும். நாலஞ்சு நிமிஷத்துல எல்லாம் சரியாயிடும். மதியம் மேட்டுப்பாளையத்துல ஸ்டார்ட் பண்ணா பொட்டுப் புகை கிடையாது.

அப்பா வழக்கமா விடற ஒர்க்‌ஷாப்ல காட்டினார். "வெள்ளைப் புகைன்னா ஹெட் கேஸ்கட் போச்சுண்ணே, தண்ணி உள்ள இறங்குது"ன்னு ஒரே வரியில தீர்ப்பு. ஹெட்டைக் கழட்டி, லேத்துக்கு அனுப்பி, கேஸ்கட், வால்வு வேலை, கூலின்னு மொத்தம் 38,000 ரூபாய். வண்டி ஒன்பது நாள் நின்னுச்சு. பத்தாம் நாள் காலையில நாலு மணிக்கு அப்பா சாவியைத் திருப்பினார். அதே இழுவை, அதே புகை.

இப்ப கொஞ்சம் எஞ்சின் பாடம். டீசல் எஞ்சின்ல பெட்ரோல் வண்டி மாதிரி ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை அழுத்தி அழுத்தியே சூடாக்கி, அந்தச் சூட்டுல டீசலைப் பீச்சிப் பத்த வைக்கிறாங்க. இரும்பு சில்லுனு இருந்தா அந்தச் சூட்டை அதுவே குடிச்சிடும். பேட்டரி சோர்ந்து எஞ்சின் மெதுவா சுத்தினாலும் சூடு போதாது. அப்ப டீசல் எரியாம ஆவியாகி, வெளியே குளிர்ந்த காத்துல பட்டு வெள்ளையா நிக்கும். இதுதான் கண்ணை எரிக்கிற புகை. ஊட்டி கடல்மட்டத்துல இருந்து சுமார் 2,240 மீட்டர். இங்க காத்தழுத்தமே கீழே இருக்கறதுல ஏறக்குறைய முக்கால் பங்குதான். அழுத்தறதுக்கே காத்து கம்மி. அதனால மேட்டுப்பாளையத்துல தெரியாத சின்னக் கோளாறு கேத்தியில பெருசாத் தெரியும்.

தண்ணியால வர்ற வெள்ளை வேற. ரேடியேட்டர் தண்ணி சிலிண்டருக்குள்ள கசிஞ்சா நீராவியா வரும். கூலன்ட் ஊத்தின வண்டின்னா லேசா இனிப்பு வாசனை. எஞ்சின் நல்லா சூடான பிறகும் நிக்காது. ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சுக்கிட்டே இருக்கும், மூடியைத் திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணா (ஆறின வண்டியில மட்டும்!) குமிழ் குமிழா வரும், ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறலாம். இது வந்தா ஹெட்டைக் கழட்டித்தான் ஆகணும், தள்ளிப் போடவே கூடாது. ராத்திரியில சிலிண்டருக்குள்ள தண்ணி தேங்கி நின்னா, தண்ணியை அழுத்த முடியாதே, காலையில ஸ்டார்ட் பண்ணும்போது கனெக்டிங் ராடே வளைஞ்சிடும்.

மூணாவதா ஒண்ணு, நோயே இல்லாத வெள்ளை. ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளியே வரும். குளிர்ல நம்ம வாயில இருந்து புகை வர்ற மாதிரிதான் அதுவும். சைலன்சர் நுனியில சொட்டுச் சொட்டா தண்ணி விழறதைப் பார்த்து பயந்துக்கறவங்களுக்காகச் சொல்றேன்.

ஆக மூணு வெள்ளையையும் பிரிக்கிறதுக்கு ஸ்பேனரே வேண்டாம். நாலு கேள்வி போதும். புகை எத்தனை நிமிஷம் நிக்குது? கண்ணு எரியுதா? தண்ணி குறையுதா? சூடான எஞ்சின்ல வருதா? இந்த நாலுக்கும் பதில் எங்கப்பா கிட்ட தயாரா இருந்துச்சு. தினமும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாக்கறவர் அவர், ஒரு டம்ளர் தண்ணி கூட குறையலை. கேக்கத்தான் ஆள் இல்லை.

கேட்டவர் மேட்டுப்பாளையத்துல ஒரு டீசல் பம்ப் கடைக்காரர். வயசானவர். "தண்ணி குறையுதுங்களா? இல்லீங்களா? அப்புறம் எதுக்குங்க ஹெட்டைக் கழட்டுனீங்க?"ன்னு கேட்டப்ப எங்கப்பா முகத்தைப் பாக்கணுமே. அவர் மீட்டரை எடுத்து, எஞ்சின் சுத்தும்போது பேட்டரியைப் பார்த்தார். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாதாம், எங்களுது 8.5க்குப் போச்சு. அப்புறம் ஹீட்டர் பிளக். எங்க வண்டியில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சிலிண்டரைச் சூடாக்கற பிளக் நாலு உண்டு (எல்லா டீசல் வண்டியிலயும் இருக்காது). வயரைக் கழட்டிட்டு, பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஒரு டெஸ்ட் லேம்ப் வழியா ஒவ்வொரு பிளக்கையும் தொட்டார். ரெண்டுல லேம்ப் எரிஞ்சுது. ரெண்டுல எரியலை. அவ்வளவுதான், ரெண்டு சிலிண்டர் குளிர்ல செத்துக் கிடந்திருக்கு. அதான் நொண்டல்.

இது சரியா இருந்திருந்தா அடுத்து நாசில் ஒழுகுதா, டைமிங் தள்ளிப் போயிருக்கா, கம்ப்ரஷன் எப்படின்னு வரிசையாப் போயிருப்பேன்னு சொன்னார். பழைய வண்டியில ஓட்டத்துல இருக்கும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டா லூஸ் பண்ணி, எதை லூஸ் பண்ணா சத்தம் மாறலையோ அந்த சிலிண்டர் சரியில்லைன்னு கண்டுபிடிப்பாங்களாம். காமன் ரெயில் வண்டியில தயவுசெஞ்சு இதை முயற்சி பண்ணாதீங்க. அதுல டீசல் ஆயிரம் பாருக்கு மேல கூட அழுத்தத்துல இருக்கும், கையைக் கிழிச்சிடும். அதுக்கு ஸ்கேனர்தான்.

பிளக் நாலு, பேட்டரி ஒண்ணு, எல்லாம் சேர்த்து 10,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. பாத்ததுக்குத் தனியா 300 ரூபாய் கேட்டார்.

இங்கதான் கதையே. அந்த 300க்கு எங்கப்பா பேரம் பேசினார்! "சும்மா மீட்டரை வெச்சுப் பாத்ததுக்கு முந்நூறாங்க"ன்னு. 38,000ஐ வாயே திறக்காம எண்ணிக் கொடுத்த அதே மனுஷன். எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியலை.

எல்லாரும் முதல் ஒர்க்‌ஷாப்காரரைத் திட்டறாங்க. நானும் திட்டினேன். யோசிச்சுப் பாத்தா, ஒரு மணி நேரம் பொறுமையாச் சோதிச்சு "உங்க ஹெட் நல்லா இருக்குண்ணே"ன்னு அவர் சொல்லியிருந்தா நாங்க என்ன கொடுத்திருப்போம்? ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்போம். கண்டுபிடிக்கிற வேலைக்கு நாம விலையே போடறதில்லை. கழட்டினாத்தான் கூலி, மாத்தினாத்தான் காசு. அப்ப அவர் எதைச் செய்வார்? எங்க காஸ்ட் அக்கவுண்டிங் சார் சொல்ற மாதிரி, எதுக்குச் சம்பளமோ அது நடக்கும். அவரை நான் நியாயப்படுத்தலை, ரேடியேட்டரைத் திறந்து பாக்க ரெண்டு நிமிஷம் போதும். ஆனா பாதிப் பழி எங்க மேலயும்தான்னு வீட்ல சொன்னேன். அன்னைக்கு ராத்திரி அப்பா என்கிட்ட பேசலை.

டாக்டர்கிட்ட ஃபீஸ் கொடுத்து "ஒண்ணுமில்லை, போங்க"ன்னு கேட்டுட்டு சந்தோஷமா வர்றோம். அந்தப் பழக்கம் ஒர்க்‌ஷாப்புக்கு வரணும். செக்கப் சார்ஜ்னு ஒரு போர்டை மாட்டட்டும், வேலை இருந்தாலும் இல்லைன்னாலும் வாங்கட்டும். லாரிக்காரங்களும் ஹெட்டைக் கழட்டச் சொல்றதுக்கு முன்னாடி "எதை வெச்சுண்ணே சொல்றீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும். கேட்டா மரியாதைக் குறைவுன்னு எங்கப்பா நினைச்சார்.

இப்பல்லாம் அவரே டேஷ்போர்டுல ஒரு சின்ன நோட்டு வெச்சு, புகை எத்தனை நிமிஷம்னு எழுதறார். நேத்து "1 நிமிஷம், கண் எரியலை"ன்னு இருந்துச்சு. சங்கிலி இன்னும் பேங்க்லதான் இருக்கு. அதோட வட்டிக் கணக்கு மட்டும் என் நோட்டுல.