மலிவுக் காற்று வேண்டாம்!

முதுகில் சிலிண்டர் கிடையாது. படகில் கம்ப்ரசர் ஓடும்; அதிலிருந்து வரும் நீளக் குழாய் வழியாக மூச்சிழுத்துக்கொண்டு மூழ்கலாம். 'ஹூக்கா' என்பார்கள். 10 மீட்டருக்குள் மூழ்குபவர்களுக்கு வசதியான முறைதான்.

வாங்கும்போது பலரும் கேட்பது என்ன விலை, எத்தனை மீட்டர் குழாய் என்பதைத்தான். முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்த மெஷின் காற்றை எங்கிருந்து இழுக்கிறது?

பெட்ரோல் எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. காற்று திசைமாறி அந்தப் புகை கம்ப்ரசருக்குள் போனால், கீழே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. நச்சின் அழுத்தமும் அதே கணக்கில் கூடும்! பிலிப்பைன்ஸில் மீனவர்கள் பெயிண்ட் அடிக்கும் கம்ப்ரசரில் மூழ்குவது வறுமையால். பொழுதுபோக்குக்கு மூழ்குபவருக்கு அந்தக் காரணம் இல்லையே?

பேட்டரியில் ஓடும், எண்ணெய் தேவைப்படாத கம்ப்ரசரே நல்லது. நேரம் குறைவு, ஆனால் புகை இல்லை. பெட்ரோல்தான் என்றால், காற்றிழுக்கும் குழாய் உயரமாக, புகைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். மெஷின் நின்றுபோனால் மேலே வர இடுப்பில் ஒரு குட்டி சிலிண்டரும் அவசியம்.

முக்கியமாக, பயிற்சி. மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரல் கிழியலாம். அதற்குச் சில மீட்டர் ஆழமே போதும்.