மாப்பிள்ளை எந்த ஊர்?

2017 ஆகஸ்டு 14-ஆம் நாள் ஜொகூர் இளவரசி துங்கு துன் அமினா, நெதர்லாந்து நாட்டவரான டென்னிஸ் வெர்பாசை ஜொகூர் பாருவில் மணந்தார். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு காப்பிக் கடையில் தொடங்கிய பழக்கம். மாப்பிள்ளை 2015-இல் இஸ்லாத்தைத் தழுவியவர். அரச குடும்பத்தவர் அல்லர். அரண்மனை சம்மதித்தது. மாஸ் காவின் 22 வெள்ளி 50 காசு மட்டுமே! (நம்மவர் மண்டபத்துக்கே கடன் வாங்குகிறார்கள்.)

இதை வியந்து பேசும் நாம், நம் வீட்டுப் பெண் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் வேலை செய்யும்போது ஒருவரை விரும்பினால் என்ன கேட்கிறோம்? தமிழரென்றால், 'என்ன ஆளுங்க?' வேற்றினத்தவரென்றால், 'ஊர் என்ன சொல்லும்?' பிறகு எங்கே நிச்சயதார்த்தம்!

நண்பர்களே, பெற்றோர் விசாரிக்கட்டும். பையன் குடிப்பானா, பெண்ணை மதிப்பானா, பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பச் சம்மதிப்பானா என்று துருவித் துருவிக் கேட்கட்டும். சாதியை மட்டும் கேட்க வேண்டாம்.