இந்த வருஷம் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்லை

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் யாராவது இறந்துபோனால் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. வாசலில் ஸ்டார் தொங்காது, முறுக்கு சுட மாட்டார்கள், முந்திரிக்கொத்து பிடிக்க மாட்டார்கள், யாருக்கும் புதுத்துணி இல்லை. கேட்டால், "இந்த வருஷம் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்லை" என்பார்கள். துக்கம் நடந்த வீட்டில் தீபாவளி கொண்டாடாத இந்து நண்பர்கள் நம் வகுப்பிலும் இருக்கிறார்கள், அதனால் இது எல்லோருக்கும் புரியும் என்று நினைக்கிறேன்.

2023 அக்டோபரில் எங்கள் தாத்தா இறந்தார். டிசம்பர் வந்ததும் அத்தை, சித்தப்பா எல்லோரும் போனிலேயே பேசி முடிவு செய்துவிட்டார்கள். இந்த வருஷம் இல்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆச்சிக்கு மட்டும் கோபம். "ஸ்டார் வேண்டாம், சரி. பலகாரம் வேண்டாம், சரி. ஏல, ஆண்டவர் பொறந்தத எப்படில வேண்டாம்னு சொல்லுவீய?" என்று கேட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான்.

இந்தக் கேள்வி ரொம்ப நாள் என்னை விடவில்லை. கிறிஸ்துமஸ் இல்லை என்று சொல்லும்போது எது இல்லை என்று சொல்கிறோம்? எண்ணெய்ச் சட்டியும் ஜவுளிக்கடையும்தானே? அப்படியானால் மற்ற வருஷங்களில் நாங்கள் கொண்டாடியதும் அவ்வளவுதானா?

கொஞ்சம் வெட்கமான ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி எட்டரை மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு. பரீட்சை என்றாலும் உண்டு, காய்ச்சல் என்றாலும் உண்டு, கிரிக்கெட் ஃபைனல் என்றாலும் டிவியை நிறுத்திவிட்டு உண்டு. வருஷத்தில் அது நடக்காத ஒரே ராத்திரி எது தெரியுமா? டிசம்பர் 24! அன்றைக்கு அம்மா அடுப்படியில், அப்பா கறிக்கடை வரிசையில், அக்கா இன்னும் ஜாக்கெட் தராத டெய்லர் வீட்டு வாசலில், நான் சீரியல் பல்பில் எது எரியவில்லை என்று தேடிக்கொண்டு... "இன்னைக்கு ஒரு நாள் அவங்கவங்க தனியா ஜெபம் பண்ணிக்கோங்க" என்று அப்பா சொல்லிவிடுவார். யாருக்காக இத்தனையும் செய்கிறோமோ அவருக்கு அன்றைக்கு மட்டும் வீட்டில் இடமில்லை. பெத்லகேம் சத்திரக்காரனைப் பற்றி வருஷா வருஷம் நாடகம் போட்டு நாங்கள் திட்டுகிறோம் :-)

இதைப் படித்துவிட்டு "அதனால்தான் சொல்கிறோம், இந்த ஸ்டார், மரம், கேக் எல்லாமே வேண்டாம், டிசம்பர் 25 என்று பைபிளிலேயே இல்லையே" என்று சிலர் வருவார்கள். தேதி பைபிளில் இல்லை என்பது உண்மைதான். ரோமில் 336ஆம் ஆண்டு வாக்கில்தான் அந்தத் தேதி பதிவாகியிருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் தூக்கி எறிவதையும் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659இல் பியூரிட்டன்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். 1681இல் அது நீக்கப்பட்டது. அபராதத்தால் விசுவாசம் வளரும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு ஸ்டார் பிடிக்கும். மூங்கில் குச்சியை வளைத்துக் கலர் பேப்பர் ஒட்டித் தாத்தா செய்த ஸ்டார் இன்னும் பரணில் இருக்கிறது. ஸ்டார் தொங்குவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நேரம் போதாமல் போகும்போது எதை முதலில் வெட்டுகிறோம் என்பதைத்தான் கேட்கிறேன்.

2023 டிசம்பர் 24 ஞாயிற்றுக்கிழமை. வாங்க எதுவும் இல்லை, சுட எதுவும் இல்லை. எட்டரைக்கு எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம். எனக்கு நினைவு தெரிந்து அந்தத் தேதியில் முதல் முறை. லூக்கா இரண்டாம் அதிகாரத்தை அக்கா வாசித்தாள். மேய்ப்பர், தேவதூதர் எல்லாம் முடிந்தது. ஆச்சி, "மத்தேயுவையும் வாசி" என்றார்கள். ஏரோது பெத்லகேமில் பிள்ளைகளைக் கொல்லும் இடம். பிள்ளைகளை இழந்து ஆறுதலடையாமல் அழும் தாயைப் பற்றி அங்கே வருகிறது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் யாரும் அதை நடிப்பதில்லை. அடக்கத்தின்போதுகூட அழாத அப்பா அந்த இடத்தில் அழுதார். எழவு விழுந்த வீடு அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. பிறகு எப்படி எழவு வீட்டுக்கு அந்தப் பண்டிகை இல்லாமல் போகும்?

2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது நான் பிறக்கவில்லை. குமரி, நாகைக் கடற்கரைகளில் ஸ்டார் கழற்றாத வீடுகளை எல்லாம் அலை அடித்துப் போனதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு 2005இல் கிறிஸ்துமஸ் எப்படி வந்திருக்கும் என்று அன்றைக்கு யோசித்தேன்.

துக்க வீட்டுக்காரர்கள் பலகாரம் சுட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வழக்கத்தில் அன்பும் இருக்கிறது. அந்த வருஷம் எங்களுக்கு மற்ற வீடுகளிலிருந்து வந்த முறுக்கு பொங்கல் வரை இருந்தது! அதிகாலை ஆராதனைக்குப் பழைய துணியோடு போனபோது யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. ஆனால் "எங்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்லை" என்ற வார்த்தையை மட்டும் நாம் விட்டுவிடலாம். "இந்த வருஷம் பலகாரம் இல்லை" என்று சொன்னால் போதும்.

2024இல் ஸ்டார் திரும்ப வந்தது, முறுக்கும் வந்தது. 24 ராத்திரி எட்டரைக்கு அடுப்பை அணைக்க வேண்டும் என்று அப்பா சட்டம் போட்டார். (அபராதம் கிடையாது.) அம்மாவுக்கு அரை மாவு பாக்கி, முகம் சுளித்தார்கள். ஜெபத்தின் நடுவில் அத்தை கேக்கோடு வந்து கதவைத் தட்டினார்கள். சித்தப்பாவுக்கு ரெண்டு தடவை போன் வந்தது. இருந்தாலும் ரெண்டு அதிகாரமும் வாசித்து முடித்தோம். மீதி முறுக்கை அம்மா ராத்திரி பத்து மணிக்குமேல் சுட்டார்கள், நான்தான் பிழிந்து கொடுத்தேன். பாதி உடைந்துவிட்டது.